வில்லுக்கு ஒத்தடம்

மிதிலையில் வில் ஒடிந்த கதை தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. ஒடித்தவருக்கு மாலையும் கிடைத்தது, மணப்பெண்ணும் கிடைத்தாள். ஆனால் ஒடிந்த அந்த வில் பிறகு என்ன ஆயிற்று? அதை யாராவது எடுத்துக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தார்களா? ஜனக மகாராஜாவின் அரண்மனையில் ஒரு நல்ல தச்சர் இல்லாமலா இருந்திருப்பார்? கதாகாலட்சேபம் செய்கிறவர்கள் ஒருவராவது இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வில் என்றால் வளைக்கலாம், ஒடிக்கலாம். பழுது பார்ப்பது என்பது நம் கதைகளில் இல்லாத சமாசாரம்.

அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. அதுவும் எங்கே? அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்னும் ஊரில்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். 2023-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 84. மனைவி 2019-இல் காலமாகிவிட்டார். பதினேழு வயதுப் பேத்தி ஒருத்தி வாரம் தவறாமல் வந்து தாத்தாவைப் பார்த்துவிட்டுப் போவாள். மே மாதத்தில் ஒரு நாள் மாலை அந்தப் பெரியவர் ஒரு நீளத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் பேத்தி.

"உங்களுக்குத் தையல் வேலை நன்றாக வருமே, கை நடுங்காது அல்லவா?" என்று கேட்டார். (அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம், நம் பாஷையில் தருகிறேன்.)

"நடுங்காது" என்றேன்.

தம் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. "வேலை எனக்குத் தெரியும். கைதான் இல்லை. உங்கள் கையைக் கொஞ்சம் கடன் கொடுங்கள்" என்றார்.

பையிலிருந்து ஒரு வில் வெளியே வந்தது.

"இதற்கு என்ன பேர்?" என்று என் கணவரிடம் தமிழில் கேட்டேன்.

"பேர்தான் பேர்" என்றார் இவர்.

விளையாட நேரம் பார்த்தாரே என்று நினைத்தேன். ஆனால் அது விளையாட்டல்ல. ஆங்கிலத்தில் 'பேர்' என்றால் கரடி. பிரெட் பேர் என்று ஒருவர் (1902-1988) பென்சில்வேனியாவில் பிறந்து, மோட்டார் தொழிலில் வேலை தேடி டெட்ராய்ட்டுக்கு வந்தவர். வந்த இடத்தில் வில் பைத்தியம் பிடித்து, கடைசியில் வில் செய்வதையே தொழிலாக்கிக் கொண்டார். 1947-இல் தம் தொழிற்சாலையை மிச்சிகனின் வடபகுதியில் ஆஸேபிள் ஆற்றங்கரையில் இருக்கும் கிரேலிங் என்ற சிற்றூருக்கு மாற்றினார். 1978-இல் அது பிளாரிடாவுக்குப் போகும் வரை, அந்த ஊரிலிருந்துதான் அமெரிக்கா முழுவதற்கும் வில்கள் போயின. எங்கள் முன் கிடந்த வில்லும் கிரேலிங்கில் பிறந்ததுதான். 'கோடியாக்' என்று அந்த ரகத்துக்குப் பெயர். அதுவும் கரடிச் சம்பந்தம்தான்; அலாஸ்காவில் பெரிய பெரிய கரடிகள் வாழும் தீவின் பெயர் அது.

இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வில்லின் மேலிருந்த சின்ன எழுத்துக்களைப் படித்தார். "கனடா 1953 என்று போட்டிருக்கிறது. எழுபது வருஷத்து வில்!" என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரியவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். அது கனடாவில் பேடண்ட் கிடைத்த வருஷம். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அதையே அச்சடித்தார்கள். இது 1964-இல் என் மனைவி வாங்கியது. அப்போது அவளுக்கு 22 வயது."

பழைய வில் சேகரிப்பவர்கள் பிடியில் பதித்திருக்கும் நாணயம் போன்ற வில்லை எந்த உலோகம் என்று பார்த்து வயதைக் கணிப்பார்களாம். வில்லுக்கும் ஜாதகம்!

❖

இந்த வில்லின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடுவில் கெட்டி மரத்தில் பிடி. அதற்கு மேலும் கீழும் வளையக்கூடிய இரண்டு பட்டைகள். ஆங்கிலத்தில் அவற்றை அவயவம் என்கிறார்கள். நான் மேல் கை, கீழ்க் கை என்று வைத்துக்கொண்டேன். நாண் பூட்டாதபோது கைகளின் நுனிகள் எதிர்ப் பக்கமாக வளைந்து நிற்கும், பழைய காலத்து மிராசுதார் மீசையை முறுக்கிவிட்டது போல. நாணை இழுக்கும்போது அந்த வளைவு விரிந்து கொடுக்கும். விட்டதும் மறுபடி சுருண்டு அம்புக்கு வேகம் தரும். துருக்கியர்களும் மங்கோலியர்களும் கொரியர்களும் மரத்தோடு கொம்பையும் விலங்கு நரம்பையும் ஒட்டி நூற்றாண்டுக் கணக்காக இப்படிச் செய்தார்கள். பிரெட் பேர் காலத்தில் கொம்புக்கும் நரம்புக்கும் பதில் கண்ணாடி நார் வந்தது. நடுவே மேப்பிள் மரச் சீவல். மேலும் கீழும் கண்ணாடி நார்த் தகடு. எல்லாம் பசையால் ஒன்றானவை.

தோசையை மடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும். நாணை இழுக்கும்போது வில்லின் இரு பக்கத் தகடுகளும் அந்த இழுப்பையும் நசுக்கலையும் தாங்குகின்றன. நடுவிலிருக்கும் மரமும் பசையும் அவற்றைப் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கின்றன. பசை ஓரிடத்தில் விட்டுப்போனால் முழு வில்லும் போயிற்று.

நம் நோயாளிக்கு மூன்று வியாதிகள். முதலாவது, கீழ்க் கை முறுக்கிக்கொண்டிருந்தது. நிலவறை மூலையில் இருபது வருஷத்துக்கு மேல் சாத்தி வைத்திருந்தார்களாம். வில்லைச் சாத்தி வைக்கக் கூடாது. இரண்டு ஆணிகளின் மேல் படுக்க வைக்க வேண்டும். இரண்டாவது, அதே கையின் நுனியருகே, தரை ஈரம் ஏறி, கண்ணாடித் தகடு ஓர் அங்குல நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மூன்றாவது, வார்னிஷ் வெடித்து, மேல் கையில் மயிரிழை போல் கோடுகள். நாணோ, எலி கடித்த மிச்சம்.

"சுவரில் மாட்டி வைத்தால் அழகாக இருக்குமே?" என்றேன்.

"பாட்டியின் வில்லில் நான் எய்ய வேண்டும்" என்றாள் பேத்தி. 2002-இல் கென்டக்கியில் ஆரம்பித்த பள்ளிக்கூட வில்வித்தைத் திட்டம் இங்கெல்லாம் பரவியிருக்கிறது. அதில் கப்பி வைத்த வில்லில் நன்றாக எய்கிற பெண் அவள்.

பெரியவர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "இது நாற்காலி இல்லை. ஒட்டிய கால் விட்டுப்போனால் கீழே உட்கார்ந்துவிட்டுச் சிரிப்பதற்கு! 40 பவுண்டு வில். விட்டுப்போனால் உன் முகத்துக்கு நேரே வெடிக்கும். நாங்கள் பார்க்கிறோம். குறுக்கே ஒரு விரிசல் கண்டாலும், ஒட்டின இடத்தில் ஒரு சத்தம் கேட்டாலும், வேலை அத்தோடு நின்றது. வில் சுவருக்குப் போகும். நீ அழக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். ஆனால் அவள் கண் வில்லைவிட்டு நகரவில்லை.

40 பவுண்டு என்பது வில்லின் எடை அல்ல. தூக்கினால் ஒரு கிலோ அளவுதான் இருக்கும். நாணை 28 அங்குலம் வரை இழுத்துப் பிடிக்க அவ்வளவு பலம் வேண்டும் என்று அர்த்தம். பள்ளிக்கூட வில்லுக்கு 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. ஆகவே, நாங்கள் வைத்தியம் பார்க்கும் இரண்டு மாதமும் அவள் 25 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்கித் தோளைப் பழக்க வேண்டும் என்பது தாத்தாவின் இரண்டாவது நிபந்தனை.

❖

முதல் நாள் பரிசோதனை. "பஞ்சு இருக்கிறதா?" என்றார் பெரியவர். விளக்குத் திரி போட வைத்திருந்த பஞ்சைக் கொண்டு வந்தேன். அதை வில்லின் ஓரங்களிலும் தகட்டின் மேலும் மெதுவாக ஓட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருந்தால் பஞ்சின் நார் அதில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். மேல் கையில் எங்கும் சிக்கவில்லை. அந்த மயிரிழைக் கோடுகள் எல்லாம் நீளவாக்கில் ஓடின.

"நீளவாக்கில் ஓடினால் கிழவன் முகத்துச் சுருக்கம். குறுக்கே ஓடினால்தான் எலும்பு முறிவு" என்றார். கண்ணாடி நார்கள் நீளவாக்கில் போகின்றன. கோடும் அவற்றோடு ஓடினால் நார் அறவில்லை என்று அர்த்தம். குறுக்கே போனால் நார் அறுந்துவிட்டது. அந்த வில்லுக்கு வைத்தியம் கிடையாது.

அடுத்தது ஒட்டு. பிளந்த வாய்க்குள் மெல்லிய காகிதத்தை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்தோம். அதற்குமேல் பிளவு போகவில்லை. உள்ளே பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. ஆகவே உப்புக் காகிதத்தை மெல்லிய நாடாவாக நறுக்கி உள்ளே விட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நாள் காய விட்டோம். கண்ணாடி நார்த் தூள் மூச்சில் போகக் கூடாது என்று மூக்குக்கு முகமூடி. பிறகு மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசை. அவசரமாக இறுகுகிற ரகம் உதவாது. உள்ளே கடைசி வரை ஊறிப் போக நேரம் வேண்டும். பல்லிடுக்கு நூலால் பசையை உள்ளே இழுத்துவிட்டேன். பூத்தொடுக்கும் விரல்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? மேலே மெழுகுக் காகிதம், அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கத்தரித்து இறுகச் சுற்றினோம். இருபத்து நாலு மணி நேரம் போதும் என்று புட்டியில் எழுதியிருந்தது. பெரியவர் நாலு நாள் தொடவிடவில்லை.

பிரித்துப் பார்த்தபோது பிளந்த வாய் தெரியவேயில்லை. அந்த இடத்தில் பட்டு நூலைப் பசையில் நனைத்து நெருக்கமாகச் சுற்றினேன், மறுபடியும் வாயைத் திறக்காதிருக்க.

❖

பிறகு முறுக்கு. இதற்கு என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் பெரிய ஆவல். பெரியவர் சொன்னார்: "வெந்நீர் போடுங்கள். துணியை நனைத்து, முறுக்கிய இடத்தில் போட்டுப் போட்டு எடுங்கள்."

ஒத்தடம்! சுளுக்கிய கழுத்துக்கும் வீங்கிய முழங்காலுக்கும் என் பாட்டி காலத்திலிருந்து நாங்கள் செய்கிற அதே வைத்தியம். அமெரிக்க வில்லுக்கும் அதுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கொதிக்கும் தண்ணீர் கூடாது; கை பொறுக்கிற சூடு. பசைக்குச் சத்துரு உஷ்ணம்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை வைத்துக் கெடுத்தவர்கள் உண்டாம். சூடு ஏறியதும் கையை முறுக்குக்கு எதிர்ப் பக்கமாக, நேராக வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திருகி, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளில் தீர்கிற வேலை அல்ல. மூன்று வாரம், தினமும் சாயங்காலம். இவர் ஆபீசிலிருந்து வந்ததும், "காப்பிக்குத் தண்ணீர் வைத்தாயா, வில்லுக்கு வைத்தாயா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஒத்தடம் கொடுக்கும் நேரத்தில் பெரியவர் பேசிக்கொண்டிருப்பார். மனைவியைப்பற்றித்தான். ஒலிம்பிக் பந்தயத்தில் 1920-க்குப் பிறகு விலக்கி வைத்திருந்த வில்வித்தையை 1972-இல் மியூனிக்கில் மறுபடி சேர்த்தார்கள். பெண்களில் தங்கப் பதக்கம் வாங்கியவர் அயோவாவைச் சேர்ந்த டோரீன் வில்பர். வயது 42. அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சமையலறைச் சுவரில் குத்தி வைத்தாராம் இவர் மனைவி. அப்போது அவருக்கு முப்பது வயது, இடுப்பில் குழந்தை. "எனக்கு இன்னும் 12 வருஷம் பாக்கி இருக்கிறது" என்றாராம்.

"போனாரா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஊர்ப் பந்தயங்களோடு சரி. ஆனால் அந்தக் காகிதம் 12 வருஷமும் சுவரில் இருந்தது" என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. துணியைப் பிழிந்து மறுபடி போட்டேன்.

❖

பேத்திக்கு வில் பளபளவென்று புதிதாக ஆக வேண்டும். தாத்தாவுக்கு எதையும் தொடக் கூடாது. நடுவில் உப்புக் காகிதத்தோடு நான். எழுத்துக்கள் அச்சடித்த இடத்தைத் தேய்த்தால் எழுத்து போய்விடும்; கண்ணாடித் தகட்டையே தேய்த்தால் பலம் போய்விடும். ஆகவே வார்னிஷ் பெயர்ந்த இடத்தை மட்டும் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்துக்கொண்டு பிடிக்கு வந்தேன். பிடியில், பெருவிரல் படியும் இடத்தில், மரம் லேசாகக் குழிந்து கறுத்திருந்தது.

"அதை வேண்டாம்" என்றார் பெரியவர்.

பேத்தி வில்லை வாங்கிப் பிடித்தாள். அவள் பெருவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அன்றைக்குப் பிறகு அவள் பளபளப்பைப்பற்றிப் பேசவில்லை. அந்த இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு விட்டோம். மற்ற இடத்துக்கு மெல்லிய வார்னிஷ், மூன்று பூச்சு.

நாணுக்கு டாக்ரான் நூல், 14 இழை. இப்போது வருகிற நீளாத புது நூல்கள் பழைய வில்லுக்கு ஆகாது. அவை கொடுக்கும் அதிர்ச்சியில் நுனி பிளந்துவிடும். டாக்ரான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். காலுக்கு நடுவே விட்டு வில்லை வளைத்து நாண் பூட்டுவதும் கூடாது. கை முறுக்குவதற்கு அது ஒரு காரணம். இரண்டு முனையிலும் தோல் குப்பி வைத்த கயிறு விற்கிறார்கள். குப்பிகளை நுனிகளில் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு பிடியைத் தூக்கினால் இரண்டு கையும் சமமாக வளையும். நாண் பூட்டி, பிடிக்கும் நாணுக்கும் நடுவே எட்டு அங்குலம் வரும்படி நாணை முறுக்கிச் சரிசெய்தோம். நுனியிலிருந்து நுனி வரை நாண் வில்லின் நடுவிலேயே நேராக ஓடியது. ஒத்தடம் வீண் போகவில்லை. ஓர் இரவு முழுவதும் அப்படியே வைத்தோம்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கொல்லைப்புறத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன் தலையில் வில்லின் பிடியைப் படுக்க வைத்துக் கட்டினார் இவர். நாணிலிருந்து கயிறு, கயிற்றில் ஒரு வில் தராசு, கம்பத்தடியில் கப்பி, அதன் வழியாகப் பத்தடி தூரத்துக்குக் கயிறு வந்தது. யாரும் வில்லருகே நிற்கவில்லை. இழுப்பது என் வேலை. கும்பகோணத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்த கை அல்லவா?

பத்து அங்குலம். விட்டேன். மறுபடி பத்து. பிறகு பதினைந்து. வில் இரண்டு கையையும் ஒரே மாதிரி மடக்கிக்கொண்டு இறங்கியது. இருபது அங்குலத்தில், 'டிக்' என்று ஒரு சத்தம்!

யாரும் மூச்சு விடவில்லை. மெல்ல இறக்கினேன். பேத்தி தாத்தாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தள்ளாடி நடந்து வந்து, பஞ்சை எடுத்து, ஒட்டின இடத்தைத் தாமே தடவிப் பார்த்தார். சிக்கவில்லை. நூல் சுற்றும் நகரவில்லை. "இன்னொரு தரம்" என்றார். இருபது அங்குலத்தில் மறுபடியும் 'டிக்'. அப்போதுதான் இவர் குனிந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு ஓடித் தேங்காய் எண்ணெயோடு வந்தார். கப்பியின் அச்சு! எண்ணெய் விட்டதும் சத்தம் நின்றது. 25 அங்குலத்துக்கு இழுத்தபோது தராசு 33 பவுண்டு காட்டியது. பேத்தியின் கை நீளத்துக்கு அதுதான் அளவு. அதே அளவுக்கு முப்பது தரம் இழுத்தேன். முப்பது தரமும் வில் வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் தலையை அசைத்தார். பேத்தி உடன்படிக்கைப்படி அழாமல் இருந்தவள், இப்போது அழுதாள்.

❖

முப்பது அடி தூரத்தில் வைக்கோல் கட்டு. அம்புகள் தேவதாரு மரத்தில் செய்தவை. போதிய கனம் உள்ளவை. கனமில்லாத அம்பை விடுவதும், அம்பே வைக்காமல் வெறும் நாணை விடுவதும் வில்லுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய வேகத்தை வில்லே வாங்கிக்கொண்டு உடையும்.

முதல் அம்பு வைக்கோலின் ஓரத்தில் தைத்தது. இரண்டாவது கொஞ்சம் உள்ளே. மூன்றாவது காகித வட்டத்தில் போய் நின்றது. இவர் கைதட்டினார். பெரியவர் அம்பு எங்கே போயிற்று என்று பார்க்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, பார்த்தீர்களா?" என்றாள் பேத்தி.

"கேட்டேன்" என்றார் அவர். "அவள் எய்தாலும் இதே சத்தம்தான்."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எதிர் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்கும். இருட்டும் நேரத்தில் நிற்கும். அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளிருந்து தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்பார். பழைய வில்லை நாணோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது.

"நாண்?"

"அவிழ்த்தாயிற்று, தாத்தா."